ஆசிரியப் பேரன்னை சாவித்திரிபாய் புலே

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு சங்கப் பொறுப்பாளர்கள் அன்புடன் பணித்தனர். கல்விக்கென்றே சங்கம் வைத்து நடத்தும் நாம், கல்விக்காகக் கல்லடி பட்ட ஒரு பெண்மணியின் வரலாற்றை நம் இளைஞர்க்கு எடுத்துரைப்பதே பொருத்தமாகும் என எண்ணினேன். அப்பெண்மணியே மராட்டிய மண்ணில் தோன்றிய சாவித்திரிபாய் புலே அம்மையார்.

அவர் நம் இனத்தில் பிறந்தவர் அல்லர். நம் மொழி பேசியவரும் அல்லர். கள்ளக்குறிச்சிக்கும் அவர் வாழ்ந்த புனே நகருக்கும் இடையே பல நூறு கல் தொலைவு உண்டு. அவ்வாறிருக்க, நம் மலரில் அவருக்கு இடமளிப்பது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். டாக்டர் அம்பேத்கர் தமக்கு வழிகாட்டிய ஆசான்கள் மூவர் என்று புத்தர், கபீர், ஜோதிராவ் புலே ஆகியோரைக் குறித்தார். அந்த ஜோதிராவ் புலேயின் வாழ்க்கைத் துணைவியாகவும் தொண்டில் சரிபாதியாகவும் விளங்கியவர் இவ்வம்மையார். தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் கருதிக் கற்பித்து, இறுதியில் அப்பிள்ளைகளுள் ஒருவனுக்காகவே உயிரையும் ஈந்தவர். ஆகவே அவர் நமக்கு அயலார் ஆகார்.

பிறப்பும் மணமும்

சாவித்திரிபாய் 1831 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3 ஆம் நாள், சத்தாரா மாவட்டத்தைச் சேர்ந்த நய்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கண்டோஜி நெவசே பாட்டீல், தாயார் இலட்சுமிபாய். தோட்டப் பயிர்த் தொழில் செய்யும் மாலி வகுப்பினர். அக்காலத்து வழக்கப்படி பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் எண்ணமே எவருக்கும் எழவில்லை. 1840 இல், ஒன்பதாம் வயதில், புனே நகரைச் சேர்ந்த கோவிந்தராவின் மகன் ஜோதிராவுக்கு அவரை மணம் செய்து கொடுத்தனர். மணமகனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

ஒன்பது வயதுச் சிறுமி புகுந்த வீடு சேர்ந்தால் அவளுடைய வாழ்க்கை எவ்வாறு செல்லும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். அடுப்பும் தண்ணீர்க் குடமும், பின்னர்ப் பிள்ளைப்பேறும். அவ்வளவோடு அவளுடைய உலகம் முடிந்துவிடும். எழுதப் படிக்கக் கற்ற பெண்ணின் கையால் உண்டால், கணவன் உண்ணும் சோறு புழுவாக மாறும் என்றுகூட அக்காலத்து மக்கள் நம்பினர். பெண் படித்தால் குடும்பம் கெடும் என்னும் அச்சத்தைத் தாய்மாரே தம் பெண்மக்களுக்கு ஊட்டி வளர்த்தனர்.

ஜோதிராவின் வீட்டில் ஒரு வேறுபாடு இருந்தது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர். சகுணாபாய் என்னும் உறவினர் ஒருவர், இளம் வயதிலேயே கைம்மை அடைந்தவர், அவரைத் தம் மகன்போல் வளர்த்தார். சகுணாபாய் ஒரு கிறித்தவப் பாதிரியாரின் இல்லத்தில் பணி செய்தவராதலால், கல்வியின் சிறப்பை அறிந்திருந்தார். ஜோதிராவின் படிப்பு ஒருமுறை இடையில் நின்றது. பின்னர் அவர் 1841 இல் ஸ்காட்லாந்து சமயச் சங்கத்தாரின் பள்ளியில் மீண்டும் சேர்ந்து பயின்றார். தாம் கற்றதைத் தம் மனைவிக்கும் சகுணாபாய்க்கும் வீட்டிலேயே கற்பிக்கலானார். இவ்வாறு சாவித்திரிபாயின் கல்வி, தம் இல்லத்திலேயே தொடங்கிற்று.

வீட்டில் பயின்றது மட்டும் போதாது எனக் கருதி, அகமது நகரில் ஃபாரார் என்னும் அமெரிக்கப் பெண்மணி நடத்திய நிலையத்திலும், புனேயில் மிட்செல் அம்மையாரின் பள்ளியிலும் சாவித்திரிபாய் ஆசிரியப் பயிற்சி பெற்றார். இதனை இளைஞர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். நல்ல நெஞ்சம் இருந்தாலே கற்பித்துவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. செய்ய விரும்பிய தொழிலை முறையாகக் கற்றுக்கொண்ட பின்னரே அதனை மேற்கொண்டார்.

பள்ளி தோன்றிய வரலாறு

பேஷ்வாக்களின் ஆட்சி புனேயில் 1818 இல் முடிவுற்றது. ஆட்சி முடிந்தும் அதன் வழக்கங்கள் முடியவில்லை. அவ்வாட்சியில் மகார், மாங்கு வகுப்பினர் தெருவில் நடக்கும்போது, எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மட்கலயமும், காலடி பட்ட மண்ணைத் துடைக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிச் செல்ல வேண்டியிருந்தது என்று வரலாற்று நூல்கள் கூறும். அத்தகைய நகரின் நடுவில்தான் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பள்ளி நடத்த இவ்விருவரும் துணிந்தனர்.

1848 ஆம் ஆண்டு, தம் உயர்சாதி நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் ஜோதிராவ் கலந்துகொண்டார். தாழ்ந்த சாதியான் எங்களுக்குச் சமமாக நடப்பதா என்று உறவினர்கள் அவரை இழித்துப் பேசி வெளியேற்றினர். அவ்விழிவு அவர் உள்ளத்தைத் தைத்தது. ஒடுக்கப்பட்டோரை ஒடுக்கி வைத்திருக்கும் தளை அறியாமையே என்றும், அதனை முதலில் பெண்களிடமிருந்து அகற்ற வேண்டும் என்றும் அவர் முடிவு செய்தார். அவ்வாண்டிலேயே புனே நகரில் பிடே என்பாரின் இல்லத்தில் பெண்கள் பள்ளி ஒன்று தோன்றிற்று. முதலில் சேர்ந்த சிறுமியர் பத்துப் பேருக்கும் குறைவு. கிறித்தவச் சமயத் தொண்டர்கள் அதற்கு முன்பே சில பெண்கள் பள்ளிகளை நடத்தி வந்தனர். எனினும் இந்தியர் தம் சொந்த முயற்சியால் பெண்களுக்கென நிறுவிய மிக முற்பட்ட பள்ளிகளுள் இதுவும் ஒன்றாகும். அப்பள்ளியின் ஆசிரியை பதினேழு வயது நிரம்பிய சாவித்திரிபாய்.

மாற்றுச் சேலை

பெண்ணொருத்தி புத்தகம் ஏந்தித் தெருவழியே சென்று கற்பிப்பதைப் பழைமைவாதிகளால் பொறுக்க முடியவில்லை. அவர் பள்ளிக்குச் செல்லும் வழியில் நின்று ஏசினர். சாணத்தை வாரி வீசினர், சேற்றை இறைத்தனர், கற்களையும் எறிந்தனர். வழிமறித்து அச்சுறுத்திய ஒருவனை அவர் கன்னத்தில் அறைந்து அனுப்பினார் என்றும் கூறுவர்.

இவ்விடத்தில் அம்மையார் கண்ட வழி மிக எளியது. வீட்டிலிருந்து புறப்படும்போது மாற்றுச் சேலை ஒன்றைத் தம்முடன் எடுத்துச் சென்றார். தெருவில் சாணமும் சேறும் பட்ட சேலையைப் பள்ளியில் களைந்துவிட்டுத் தூய சேலையை உடுத்திக்கொண்டு பாடம் நடத்துவார். மாலையில் திரும்பும்போது மீண்டும் பழைய சேலையையே உடுத்துவார். மறுநாளும் அவ்வாறே சென்றார். அவருடைய வீரம் ஒரு நாளில் காட்டி முடித்த வீரம் அன்று. இன்றும் சாணம் விழும் என்று நன்கு அறிந்தே, அதற்கு வேண்டியதைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, நாள்தோறும் காலையில் கதவைத் திறந்து வெளிவந்த வீரம். வீசியவர்களின் கை ஓய்ந்தது. அவருடைய கால் ஓயவில்லை.

தெருவில் எழுந்த எதிர்ப்பு விரைவில் வீட்டிற்குள்ளும் நுழைந்தது. ஊராரின் வற்புறுத்தலுக்கு அஞ்சிய மாமனார் கோவிந்தராவ், பள்ளியை விடுங்கள், அன்றேல் வீட்டை விடுங்கள் என்று கூறும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 1849 இல் அவ்விளந் தம்பதியர் வீட்டை விட்டு வெளியேறினர். உஸ்மான் ஷேக் என்னும் முஸ்லிம் நண்பர் அவர்களுக்குத் தம் இல்லத்தில் இடமளித்தார் என்பர். பாத்திமா என்னும் தோழியும் அம்மையாரின் பணிச்சுமையைப் பகிர்ந்துகொண்டார் என்பதை, அம்மையார் பின்னாளில் தம் கணவருக்கு எழுதிய கடிதம் காட்டுகிறது. துன்பத்தை வென்றவர் என்று நாம் போற்றும் எவரும் தனியாக நின்று வென்றதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

உடன்பிறந்தாரின் எதிர்ப்பும் அவருக்கு இருந்தது. 1856 இல் நோய்வாய்ப்பட்டுத் தாய்வீடு சென்றிருந்தபோது, அவருடைய உடன்பிறந்தான், மகார்களுக்கும் மாங்குகளுக்கும் கற்பித்துச் சாதியைக் கெடுத்துவிட்டீர்கள் என்று கடிந்து பேசினான். நோயில் மெலிந்திருந்த நிலையிலும் அம்மையார் வாளாவிருக்கவில்லை. ஆட்டையும் பசுவையும் தடவிக் கொடுக்கின்ற நீ, மனிதனைத் தீண்டத் தகாதவன் என்று விலக்குவது எவ்வாறு நேர்மையாகும் என்னும் பொருள்பட எடுத்துரைத்தார். அருகிலிருந்து கேட்ட தாயாரின் உள்ளம் நெகிழ்ந்தது. உடன்பிறந்தானும் வெட்கித் தலைகுனிந்தான். இச்செய்தியையும் அவருடைய கடிதத்தின் வாயிலாகவே அறிகிறோம்.

பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திய திறம்

1851 ஆம் ஆண்டின் இறுதிக்குள் புனே நகரில் இத்தம்பதியர் நடத்திய பள்ளிகள் மூன்று. அவற்றில் பயின்ற மாணவியர் சுமார் 150 பேர். அடுத்த ஆண்டிலே தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளியும் தோன்றிற்று. 1852 நவம்பரில் ஆங்கில அரசினர் விச்ராம்பாக் மாளிகையில் விழா எடுத்து, இக்கல்வித் தொண்டுக்காக ஜோதிராவுக்குச் சால்வை அணிவித்துச் சிறப்புச் செய்தனர்.

ஆசிரியனாகிய என்னை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. பிள்ளைகளைச் சேர்ப்பதைவிட, சேர்ந்த பிள்ளையை நிறுத்தி வைப்பதே கடினம் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். வறிய வீட்டுப் பிள்ளைகள் இடையில் நின்றுவிடாதிருக்க உதவித்தொகை அளித்தனர். பெற்றோரைக் கூட்டிவைத்துக் கல்வியின் பயனை எடுத்துரைத்தனர். எழுத்தும் கணக்கும் வாழ்க்கைக்கு உதவுமாறு கற்பித்தனர். பகலில் உழைக்கும் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் 1855 இல் இரவுப் பள்ளி தொடங்கினர். ஒரு பெண் பள்ளிக்கு வராவிட்டால் அக்குற்றத்தை அப்பெண்ணின் மேல் சுமத்தவில்லை. அவள் வராமைக்குரிய காரணத்தைத் தேடி அதனை நீக்க முயன்றனர்.

1857 இல் நிகழ்ந்த கிளர்ச்சிக்குப் பின் வெள்ளையர் அளித்துவந்த நன்கொடைகள் குறைந்தன. அடுத்த ஓராண்டிற்குள் பள்ளிகளின் நிருவாகப் பொறுப்பிலிருந்து ஜோதிராவ் விலக நேர்ந்தது. பாடுபட்டு வளர்த்த பள்ளிகள் கைவிட்டுப் போவதைக் காட்டிலும் ஓர் ஆசிரியைக்குப் பெருந்துயர் வேறு இல்லை. அத்துயரிலும் அம்மையார் சோர்ந்து அமரவில்லை. பள்ளி என்னும் வாயில் அடைபட்டால், தொண்டுக்கு வேறு வாயில்களைத் திறந்தார்.

ஒரு மாணவியின் கட்டுரை

அவ்வாயில்களைக் காணும் முன், அப்பள்ளிகளில் பயின்ற மாணவி ஒருத்தியைப் பற்றிக் கூற வேண்டும். அவள் பெயர் முக்தாபாய். மாங்கு வகுப்பைச் சேர்ந்தவள், வயது பதினான்கு, மூன்று ஆண்டுகள் படித்தவள். 1855 இல் ஞானோதயா என்னும் மராட்டிய இதழில் அவள் எழுதிய கட்டுரை வெளிவந்தது. மகார், மாங்கு மக்களின் துயரங்களே அதன் பொருள். தம் மக்களை நிலத்திலிருந்து துரத்தி மாளிகை எழுப்பிய கொடுமையையும், கூரையில்லாத குடிசையில் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தாய்மாரின் வேதனையையும் அவள் எழுதினாள். ஒரு சாராருக்கு மட்டும் உரிய வேதம் என்றால், எங்களுக்கு வேதம் எது, சமயம் எது என்றும் அச்சிறுமி கேட்டாள். கல்வி என்னும் மருந்தை நாடி வாருங்கள் என்று தன் மக்களையும் அழைத்தாள்.

முக்தாபாயின் இக்கட்டுரை, நம் நாட்டில் தாழ்த்தப்பட்ட குலப் பெண்ணொருத்தி எழுதி அச்சேறிய மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று. சாவித்திரிபாய் அம்மையாரும் 1854 இல் காவிய புலே என்னும் கவிதை நூலை வெளியிட்டவர். ஆயினும் அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த நூல் எது என்று என்னைக் கேட்டால், அந்தப் பதினான்கு வயதுச் சிறுமியின் கட்டுரை என்றே சொல்வேன். தம் துயரை யாரோ ஒருவர் எடுத்துச் சொல்லக் கேட்டு வந்த ஓர் இனம், அன்றுதான் தன் கையாலேயே அதனை எழுதிற்று. சாணத்தையும் கல்லையும் அம்மையார் தாங்கியது அந்த ஒரு நாளுக்காகவே எனலாம்.

கைம்பெண்களின் காவலர்

அக்காலத்து உயர்சாதிக் குடும்பங்களில் சிறு வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டு, சிறு வயதிலேயே கணவனை இழந்த பெண்கள் பலர். மறுமணம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. தலையை மழித்து மூலையில் அமர்த்தினர். உறவினராலேயே கெடுக்கப்பட்டுக் கருவுற்றவர்கள் ஊரார் பழிக்கு அஞ்சித் தம் உயிரையோ குழந்தையின் உயிரையோ போக்கிக்கொண்டனர். அவ்வாறு குழந்தையைக் கொன்ற கைம்பெண் ஒருத்திக்கு அந்தமான் தீவில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட செய்தி புலே தம்பதியரின் உள்ளத்தை உலுக்கிற்று. 1863 இல் அவர்கள் தம் இல்லத்திலேயே, கருவுற்ற கைம்பெண்கள் பிறர் அறியாமல் வந்து பிள்ளை பெற்றுச் செல்லவோ, பிள்ளையை அங்கேயே விட்டுச் செல்லவோ ஏற்ற இல்லம் ஒன்றைத் திறந்தனர். 1884 வரையில் 35 பெண்கள் அங்கு வந்து காப்புப் பெற்றனர். அவர்களுக்குப் பேறுகாலப் பணிவிடை செய்தவர் அம்மையாரே.

எந்தச் சாதியார் தம்மேல் சாணம் வீசினரோ, அதே சாதிப் பெண்களுக்கு அவர் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார். அவ்வாறு வந்த காசிபாய் என்னும் பெண்ணின் குழந்தையை 1874 இல் தத்து எடுத்து, யசுவந்தன் எனப் பெயரிட்டு வளர்த்து மருத்துவனாக்கினார். தமக்குப் பிள்ளைப்பேறு இல்லை என்பதற்காகக் கணவர் மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று உறவினர் வற்புறுத்தியதும் உண்டு. ஜோதிராவ் அதற்கு இணங்கவில்லை. மலடி என்னும் சொல்லைச் சுமந்த அம்மையார் ஊரார் கைவிட்ட பிள்ளைகளுக்கெல்லாம் தாயானார்.

1868 இல் தம் வீட்டுக் கிணற்றைத் தீண்டத்தகாதவர் எனப்பட்டோர்க்குத் திறந்துவிட்டனர். 1873 செப்டம்பர் 24 ஆம் நாள் ஜோதிராவ் உண்மை நாடுவோர் சங்கமாகிய சத்திய சோதக் சமாஜத்தை நிறுவியபோது, அதன் பெண்கள் பிரிவை அம்மையார் முன்னின்று நடத்தினார். புரோகிதரும் வரதட்சணையும் இன்றி எளிய முறையில் திருமணம் நடத்தும் வழக்கத்தை அச்சங்கம் பரப்பிற்று.

1876 இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தை நம் பக்கத்து முதியோர் தாது வருஷப் பஞ்சம் என்று வழிவழியாகச் சொல்லி வந்தனர். அதே பஞ்சம் தக்காணத்தையும் வாட்டிற்று. அம்மையார் ஊர் ஊராகச் சென்று, தானியம் திரட்டிப் பசித்த பிள்ளைகளுக்கு உணவளிக்கும் நிலையங்களை நடத்தினார். 1877 இல் ஜுன்னார் வட்டாரத்திலிருந்து அவர் எழுதிய கடிதம், கால்நடைகள் மடிந்து வீழ்ந்ததையும் மக்கள் ஊரைக் காலி செய்து போனதையும் விவரிக்கின்றது.

தீச்சட்டி ஏந்திய கை

1890 நவம்பர் 28 ஆம் நாள் மகாத்மா ஜோதிராவ் புலே மறைந்தார். இறுதி ஊர்வலத்தின் முன் தீச்சட்டி ஏந்திச் செல்லும் உரிமை யாருக்கு என்ற பூசல் எழுந்தது. தத்துப் பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை என்று உறவினர் சிலர் தடுத்தனர். அப்போது அம்மையார் முன்வந்து, தீச்சட்டியைத் தம் கையில் ஏந்தி ஊர்வலத்தின் முன் நடந்தார். கணவரின் சிதைக்குத் தாமே தீ மூட்டினார்.

இதன் பொருள் என்ன என்று நம் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண்கள் சுடுகாட்டு எல்லையிலேயே திரும்பிவிட வேண்டும் என்பதும், கொள்ளி வைக்க ஆண்மகன் வேண்டும் என்பதும், அதற்காகவே ஆண்பிள்ளை வேண்டும் என்பதும் நம் வீடுகளிலும் வேரூன்றிய எண்ணங்கள். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் அவ்வெண்ணத்தைத் தம் செயலால் தகர்த்தார். அதன் பின்னரும் அவர் மூலையில் ஒடுங்கவில்லை. 1893 இல் சாஸ்வட் நகரில் கூடிய சத்திய சோதக் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

தோளில் சுமந்த பிள்ளை

1896 இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் விரைவில் புனேயையும் பற்றிக்கொண்டது. மக்கள் நோயாளிகளை விட்டு ஓடினர். அம்மையார் தம் மகன் யசுவந்தனை வரவழைத்து, நகருக்கு வெளியே நோயாளிகளுக்கு மருத்துவ நிலையம் அமைக்கச் செய்தார். அறுபத்தாறு வயதில், நோயுற்றோரைத் தாமே தேடிச் சென்று அங்குக் கொண்டுவந்தார்.

முண்ட்வா என்னும் ஊரின் மகார் குடியிருப்பில், பாண்டுரங்க பாபாஜி கெய்க்வாட் என்பாரின் மகன் பிளேக் நோயால் கிடப்பதை அறிந்து ஓடினார். அச்சிறுவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவ நிலையம் கொண்டுசேர்த்தார். சிறுவன் பிழைத்துக்கொண்டான். அவனைச் சுமந்த அன்னையை நோய் பற்றிற்று. 1897 மார்ச் 10 ஆம் நாள் இரவு அவர் உயிர் நீத்தார்.

தீண்டினால் தீட்டு என்று ஊர் ஒதுக்கிய குலத்துப் பிள்ளையை, நோய் தொற்றும் என்று உற்றாரும் அஞ்சும் வேளையில், தோளில் சுமந்து சென்றார். தீண்டாமையைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கலாம். அம்மையார் தம் முதுகினால் பேசினார்.

பிற்காலத்தில் நாடு அவரை நினைவு கூர்ந்தது. 1998 இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. 2014 இல் புனே பல்கலைக்கழகத்திற்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. எந்த நகரின் தெருவில் சாணம் பட்டு நடந்தாரோ, அந்நகரின் பல்கலைக்கழகமே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நமக்குரிய பாடம்

நம் நாட்டிலும் நம் மக்களுக்குக் கல்வி எளிதில் கிட்டவில்லை. 1894 இல் சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளியும், 1916 இல் நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நிறுவிய நந்தனார் கல்விக் கூடமும் நமக்கு வாயில் திறந்தன. அன்னை மீனாம்பாள் சிவராஜ் போன்ற பெருமாட்டிகள் மேடையேறி நம் உரிமைக்குக் குரல் கொடுத்தனர். கல்வராயன் மலையில் 1976 வரையில் ஜாகிர் முறை நீடித்தது. மலைவாழ் மக்கள் கூலியின்றி ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. ஊழியம் செய்யும் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு எவ்வாறு செல்லும்? 2019 இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, இன்று கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறுகிறது. மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. வாயில்கள் முன்னிலும் பல திறந்திருக்கின்றன.

ஆயினும் ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்த சிறுமி ஒருத்தி, கரும்பு வெட்டுப் பருவம் தொடங்கியதும் பள்ளிக்கு வரவில்லை. பெற்றோர் வெளியூர் வெட்டுக்குப் போய்விட்டனர். கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளையும் அழைத்துச் சென்றனர். விதிப்படி பல நாள் வராதவளின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து சிவப்பு மையால் நீக்கினேன். திரும்பி வந்தபோது அவள் பூப்பெய்தியிருந்தாள்; இனி எதற்குப் படிப்பு என்று வீட்டிலே நிறுத்திவிட்டனர். அடுத்த ஆண்டே மணமும் முடிந்தது. அவள் வீடு பள்ளியிலிருந்து அரைக் கல் தொலைவுதான். ஒருமுறையேனும் நான் அவ்வீட்டுக்குச் சென்று பேசவில்லை. புலே அம்மையாரின் வரலாற்றைப் பின்னர்ப் படித்தபோது, அந்தச் சிவப்பு மைக்கோடு என் கண்முன் நின்றது. பெயரை நீக்கியது விதி. தேடிச் செல்லாதது என் குறை.

அதன்பின் வந்த ஆண்டுகளில், ஒரு பெண் ஒரு வாரம் வராவிட்டால் மாலையில் அவள் வீட்டுத் திண்ணையில் சென்று அமர்வதை வழக்கமாகக் கொண்டேன். சில வீடுகளில் வரவேற்பு கிடைத்தது. சில வீடுகளில் வசை கிடைத்தது. எல்லாப் பெண்களும் திரும்பி வந்துவிடவில்லை. வந்தவர்களுள் இன்று செவிலியராகவும் ஆசிரியையாகவும் இருப்போரை எண்ணும்போது, கேட்ட வசை ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

இளைஞர்களே! உங்களில் பலர் பட்டம் பெற்றிருக்கிறீர்கள். உங்கள் தங்கையும் பட்டம் பெறுகிறாளா என்று உங்களைக் கேட்கிறேன். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் செய்விப்பது குற்றம் என 2006 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் தொடங்கப்பட்டது. புனேயில் புலே தம்பதியர் தம் கைப்பொருளாலும் நன்கொடையாலும் அளித்த உதவித்தொகையை இன்று அரசே அளிக்க முன்வந்துள்ளது. சட்டமும் திட்டமும் வீட்டு வாசல் வரை வரும்; வாசலுக்குள் சென்று அப்பனிடமும் அம்மாவிடமும் பேசுவதற்கு மனிதர் வேண்டும். அம்மனிதராக நம் சங்கத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் விளங்க வேண்டும்.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஒவ்வொரு குடியிருப்பிலும் பள்ளியை விட்டு நின்ற பெண்களின் பெயர்களை நம் இளைஞர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதுவார்களாக. பெற்றோர் கரும்பு வெட்டுக்குச் செல்லும் மாதங்களில் அப்பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியிலோ உறவினர் வீட்டிலோ இடம் தேடித் தருவார்களாக. பெண் பூப்பெய்திய வீட்டுக்குச் சீர்வரிசையோடு செல்லும் உறவினர், மீண்டும் எந்த நாளில் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வருவார்களாக. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஏச்சுக்கு அஞ்சாத மனமும், மறுநாளும் செல்லும் காலும் இருந்தால் போதும்.

சாவித்திரிபாய் அம்மையார் பையில் எடுத்துச் சென்ற மாற்றுச் சேலையை நினைவில் கொள்வோம். அவமதிப்பு வரும் என்று அறிந்தே அவர் புறப்பட்டார். அது வந்தபோது உடையை மாற்றிக்கொண்டார், பாதையை மாற்றவில்லை. நம் பெண்மக்கள் செல்லும் வழியில் இன்றும் சாணம் வீசுவோர் இருக்கக்கூடும். அப்பெண்களுக்கு முன்னும் பின்னும் துணையாக நாம் நடந்து செல்வோமாயின், நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில் இம்மலரின் கட்டுரைகளை எழுதுவோருள் பாதிப் பேர் நம் பெண்களாகவே இருப்பர். அந்நாள் விரைவில் மலர்க!